மஞ்சள் மீட்டரும் பேய்க் கரண்டும்

“அக்கா, மெயின் ஆஃப் பண்ணிப்போட்டனுங்க. ஆனாலும் மீட்டர்ல நூத்தித் தொண்ணூறு காட்டுது. பேய்தானுங்களே?”

என் தம்பி மூர்த்தி போனில் இப்படிக் கேட்டபோது நான் எங்கள் ஊரான கணபதியில், பட்டறை மேசையில் உட்கார்ந்திருந்தேன். கிணற்று மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் பெட்டி செய்து கொடுப்பது எங்கள் தொழில். செய்வதும் சோதிப்பதும் நானும் என் வீட்டுக்காரரும். தோட்டம் தோட்டமாகப் போய் மாட்டிக் கொடுப்பதும், கெட்டுப்போனால் சரிபண்ணுவதும் மூர்த்தி.

அன்றைக்கு அவன் காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பில், கிணற்றடி மோட்டார் ரூமில் நின்றிருந்தான். அவன் குரலுக்குப் பின்னால் ஒரு மாடு விடாமல் கத்தியது. தகரக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளும் சத்தமும் கேட்டது. வெயில் ஏறுகிற நேரம். என் மேசையில் வைத்திருந்த காப்பி ஆறி ஆடை கட்டியிருந்தது.

“பல்பு போட்டுப் பாத்தியா?” என்றேன்.

“பல்பு கொண்டாரலீங்க்கா. வண்டில வெக்க மறந்துபோட்டேன்.”

“அப்பத் தொடாதே.”

“அட, இதுகூடத் தெரியாதுங்களா எனக்கு? எத்தனை தோட்டத்துல பாத்திருக்கறேன் இந்தப் பேயை! சிம் பெட்டில லைட்டுகூட நல்லாத்தான் எரியுது. அதுக்கு வர்ற வயரு ரெண்டும் லூசாட்ட இருக்குது. கழட்டி மாட்டிப்போட்டு மத்தியானச் சோத்துக்கு வந்தர்றனுங்க.”

“மூர்த்தி, சித்த இரு…” என்றேன். அதற்குள் போனை வைத்துவிட்டான்.

அவன் சொன்னதில் ஏதோ ஒன்று எனக்கு நெருடியது. எது என்று அப்போது பிடிபடவில்லை.

எங்கள் பேய்

அந்த நெருடல் விளங்க வேண்டுமானால் எங்கள் தொழிலின் பேயைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். போன வாரம் இந்தத் தொடரில் என் கல்யாணப் பேச்சு நடந்த கதையை எழுதப்போய், எங்கள் ஒறம்பரையில், அதாவது சொந்தபந்தத்தில், இரண்டு பேர் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். பேயைப் பற்றி எழுதினால் கோபித்துக்கொள்ள யாரும் இல்லை.

கரண்டை நிறுத்திய பிறகும் ஒரு வயரில் மீட்டரை வைத்தால், அது சில சமயம் எண்பது, நூற்று இருபது, இருநூறு என்று வாய்க்கு வந்ததைச் சொல்லும். பக்கத்தில் கரண்ட் ஓடுகிற இன்னொரு வயர் நெடுக ஒட்டியே வந்தால் போதும். டிஜிட்டல் மீட்டர் வயரிலிருந்து கிட்டத்தட்ட எதையுமே இழுக்காது. அதனால் ஒன்றுக்கும் உதவாத அந்தச் சொச்சத்தையும் பெரிய எண்ணாகக் காட்டிவிடும்.

பக்கத்து வீட்டில் கறிக்குழம்பு கொதித்தால் நம் வீட்டுக்கும் வாசம் வரும் அல்லவா? வாசலில் நின்று மோந்துவிட்டு, “இந்த வீட்டில் இன்றைக்குக் கறிச்சோறு” என்று சொல்லிப் போகிற ஆள்தான் மீட்டர். பல்பு அப்படி இல்லை. அதற்கு வாசம் பற்றாது, சோறே போட வேண்டும். உண்மையான கரண்ட் இருந்தால் எரியும், பேயாக இருந்தால் எரியாது.

அதற்காகவே எங்கள் பட்டறையில் டெஸ்ட் லேம்ப் ஒன்று வைத்திருக்கிறோம். பெயர்தான் பெரிது. இரண்டு குண்டு பல்புகளை ஹோல்டரில் மாட்டி, வரிசையாகச் சேர்த்து, இரண்டு வயரை வெளியே நீட்டிவிட்டது. மிச்சம் மீதியில் செய்தது, பார்க்க அசிங்கமாக இருக்கும். மீட்டர் எதைக் காட்டினாலும் பல்பு அணைந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் உள்ளே கை வைப்பது. அன்றைக்கு அது மூர்த்தியின் பையில் இல்லாமல், காங்கேயத்தில் இல்லாமல், என் காலடியில் அட்டைப் பெட்டிக்குள் கிடந்தது.

பீரோவில் ஒரு மீட்டர், பையில் ஒரு மீட்டர்

எங்கள் வீட்டில் நல்ல மீட்டர் இல்லாமல் இல்லை. சிவப்பு உறை போட்ட, நம்பகமான மீட்டர் ஒன்றை என் வீட்டுக்காரர் ஒரு காலத்தில் ஆசை ஆசையாக வாங்கினார். வாங்கிய நாளிலிருந்து அது பீரோவில், என் கூறைப்புடவைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆயுத பூஜைக்கு வெளியே வரும். சந்தனம், குங்குமம் வைத்துக்கொள்ளும். பொரி கடலை எல்லாம் முடிந்ததும் திரும்ப உள்ளே போய்விடும்.

“தோட்டத்துல சேறு சகதில கொண்டுபோயி அதைப் போட்டு ஒடைக்கறதுக்கா வாங்கி வெச்சிருக்கறேன்?” என்பார். சேற்றிலும் சகதியிலும் போகிற மச்சினனைப் பற்றி அவருக்கு அவ்வளவு கவலை இல்லை போலிருக்கிறது என்று நான் சொல்வேன்.

அதனால் மூர்த்தி ஆன்லைனில் ஒரு மஞ்சள் மீட்டர் வாங்கினான். நாலு பேர் ஓட்டலில் டிபன் சாப்பிடுகிற காசுதான். பட்டனைத் தட்டினால் நீல வெளிச்சம் வரும். வயர் அறுந்திருக்கிறதா என்று பார்த்தால் குயில் மாதிரி கூவும். முதல் வாரம் வீட்டில் இருந்த ஒரு சாமானையும் அவன் விட்டுவைக்கவில்லை. டிவி ரிமோட், என் ஸ்கூட்டர் பேட்டரி, சாமி ரூம் சீரியல் பல்பு எல்லாவற்றையும் அளந்தான்.

நான் அதைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஆயிரம் வோல்ட் வரை தாங்கும் என்று அச்சடித்திருந்தது. எழுதுவதற்குக் காசா பணமா? திருகாணியைக் கழற்றி உள்ளே பார்த்தேன். இத்தனை பெரிய வாக்குறுதிக்குக் காவலாக மெல்லிய கண்ணாடி பியூஸ் ஒன்றுதான் இருந்தது. அளக்கிற குச்சிகளின் வயரும் தொட்டால் நூல் மாதிரி இருந்தது.

ஆனாலும் நியாயத்தைச் சொல்ல வேண்டும். ஒரு மத்தியானம் வீட்டுக்காரர் தூங்கும்போது பீரோ மீட்டரை எடுத்துவந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பேட்டரியில் இரண்டும் ஒன்றையே சொல்லின. பட்டறை பிளக்கில் ஓரிரண்டு வோல்ட் வித்தியாசம், அவ்வளவுதான். பியூஸ் போயிருக்கிறதா, சுவிட்ச் பிடிக்கிறதா, வயர் உள்ளுக்குள் அறுந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கெல்லாம் மஞ்சள் மீட்டர் தாராளமாகப் போதும். அதற்காக யாரும் பீரோவைத் திறக்க வேண்டியதில்லை. மும்முனைக் கரண்ட் ஓடுகிற பெட்டிக்குள் அந்த நூல் வயரோடு போவதைத்தான் நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேயை மஞ்சள் மீட்டர் மட்டும் காட்டவில்லை. பீரோ மீட்டரும் காட்டியது. அதே வயரில், கிட்டத்தட்ட அதே எண். தூங்கி எழுந்து வந்து அதைப் பார்த்த என் வீட்டுக்காரருக்கு முகம் சுருங்கிப்போனது இன்றும் நினைவிருக்கிறது.

ஆக மீட்டர் பொய் சொல்கிறது என்று சொல்ல முடியாது. முதல் தடவை அந்த எண்ணைப் பார்த்தபோது மூர்த்தி கையை உதறிக்கொண்டு பின்னால் போனான். அடுத்த தடவை சிரித்தான். பிறகு அதற்குப் பேய் என்று பெயர் வைத்தோம். பெயர் வைத்த பிறகு அது வீட்டு நாய் மாதிரி ஆகிவிட்டது, குரைத்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கு அது பிடிக்கவே இல்லை.

அப்பாவின் விரல்கள்

எனக்கு இத்தனை பயம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், வால்பாறையிலிருந்து என்றுதான் சொல்ல வேண்டும். அப்பா அங்கே ஒரு தேயிலை ஃபேக்டரியில் எலெக்ட்ரீசியன்.

அவருடைய சட்டைப் பையில் எப்போதும் ஒரு லைன் டெஸ்டர் இருக்கும். திருப்புளி மாதிரி இருக்கும், கண்ணாடிப் பிடிக்குள் ஒரு சின்ன விளக்கு. முனையை வயரில் வைத்து, பின்பக்கத்தை விரலால் தொட்டால், கரண்ட் இருந்தால் சிவப்பாகக் கண் சிமிட்டும். அந்த விளக்கு எரிய நம் உடம்பு வழியாகக் கொஞ்சூண்டு கரண்ட் தரைக்கு இறங்க வேண்டும். அது அவருக்கும் தெரியும்.

ஒரு மழைக்காலத்தில், ஈரத்துக்கும் அட்டைக்கும் பயந்து முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, காய்ந்த பலகை மேல் ஏறி நின்று டெஸ்டரை வைத்திருக்கிறார். கரண்ட் தரைக்கு இறங்க வழியில்லாமல் விளக்கு மங்கலாகத்தான் எரிந்திருக்க வேண்டும். ஜன்னல் வெளிச்சத்தில் அது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. இல்லை என்று நினைத்து ஒரு கையால் வயரையும் மறு கையால் இரும்புப் பெட்டியையும் பிடித்தார். உயிர் பிழைத்தார். வலது கையில் இரண்டு விரல்கள் அதன்பிறகு நிமிரவே இல்லை. மூன்று விரலால்தான் சோறு பிசைவார்.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு ஒரு வழக்கம் வந்தது. ஃபேக்டரிச் சங்கு ஊதி அப்பா வரத் தாமதமானால், அடுப்பை அணைத்துவிட்டு எங்கள் லயத்து வீட்டு வாசலில் போய் நிற்பார். மூடுபனிக்குள் ஒவ்வொரு ஆளாக வர வர, அது அப்பா இல்லை என்று தெரிந்ததும் முந்தானையை இன்னும் கொஞ்சம் இறுக்குவார். நானும் அவர் பக்கத்தில் நிற்பேன். பயத்தை நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் ‘டிரிப்பர்’. சும்மா சும்மா டிரிப் ஆகிற, அதாவது ஆபத்து என்று தானாகவே கரண்டை வெட்டிவிடுகிற, ரிலே என்று அர்த்தம். பால் பொங்கினாலும் டிரிப், போன் அடித்தாலும் டிரிப். வாஸ்தவம்தான். ஆனால் டிரிப்பே ஆகாத ரிலேவை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா?

லைட்டு எப்படி எரிகிறது?

சரி, காங்கேயத்துக்கு வருகிறேன்.

மூர்த்தி போனை வைத்ததும் நான் மறுபடி திருப்புளியைக் கையில் எடுத்தேன். ஒரு திருகாணியை முடுக்கினேன். இரண்டாவது திருகாணியில் கை நின்றுவிட்டது. நெருடியது என்ன என்று அப்போதுதான் தெரிந்தது.

‘சிம் பெட்டில லைட்டுகூட நல்லாத்தான் எரியுது.’

சிம் பெட்டி என்றால் செல்போனிலிருந்து மோட்டாரை ஓட்டுகிற சின்னப் பெட்டி. உள்ளே ஒரு சிம் கார்டு இருக்கும். வீட்டில் இருந்தபடி போன் போட்டால் கிணற்றில் மோட்டார் ஓடும். இப்போது நாங்கள் கொடுக்கும் பெட்டிகளில் பேட்டரி இருக்கிறது, கரண்ட் போனாலும் அதன் லைட்டு எரியும். மூர்த்தி தினமும் பார்ப்பது அந்தப் பெட்டிகளைத்தான்.

ஆனால் இந்தத் தோப்புக்குக் கொடுத்தது பழைய மாதிரி. தோப்புக்காரர் நாச்சிமுத்து அண்ணன் பேரம் பேசிப் பேசி, பேட்டரி இல்லாததே போதும் என்று வாங்கிப் போனார். என் கையால் பூட்டிக் கொடுத்த பெட்டி அது. அதற்குள் பேட்டரி கிடையாது. தோட்டத்துக்கு மும்முனைக் கரண்ட் மத்தியானத்துக்கு மேல்தான் வரும். மெயினையும் மூர்த்தி அணைத்துவிட்டான். பிறகு அந்த லைட்டு எதில் எரிகிறது?

வேறு எங்கிருந்தோ கரண்ட் வருகிறது. மீட்டர் காட்டிய நூற்றுத் தொண்ணூறு பேய் இல்லை. இவன் கழற்றப் போவதோ அதே வயரை.

மூர்த்திக்குப் போன் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. வேலை செய்யும்போது போனை வண்டிப் பைக்குள் வைத்துவிடுவது அவன் பழக்கம், இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டுமாம். அந்த இரண்டு கையை நினைத்துக்கொண்டே மூன்றாவது தடவையும் போட்டேன்.

வீட்டுக்காரர் பொள்ளாச்சிக்குப் பெட்டி இறக்கப் போயிருந்தார். அவரைக் கூப்பிட்டேன்.

“மறுபடியும் டிரிப் ஆயிட்டியா?” என்றுதான் ஆரம்பித்தார்.

“ஏனுங்க, பேட்டரி இல்லாத பெட்டிங்க அது. மெயின் ஆஃப்ல லைட்டு எரியுதாமா.”

சாதாரணமாக என்னை ஒரு கிண்டலாவது செய்யாமல் விடாத மனுஷர். “நாச்சிமுத்துவக் கூப்புடு. ஒடனே கூப்புடு,” என்றார். அவருக்கும் பயம் என்று தெரிந்துவிட்டது.

“ஒரே லைன்தானுங் அம்மணி”

நாச்சிமுத்து அண்ணனுக்குக் காது கொஞ்சம் மந்தம். போனை எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவார். முட்டி வலி வந்ததிலிருந்து வீட்டு முன்னால் கட்டிலில்தான் வாசம். வீட்டிலிருந்து கிணற்றுக்கு இரண்டு சோளக் காடு தாண்டிப் போக வேண்டும்.

“ஏனுங்ணா, மோட்டார் ரூமுக்கு வேற எங்கிருந்தாச்சும் லைன் இழுத்திருக்கறீங்களா?”

“இல்லீங் அம்மணி. ஒரே லைன்தானுங்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்ணா.”

“இதுல யோசிக்க என்னுங் இருக்குது? கெணத்துக்குக் கிட்டத்துல இருக்கறது எம் பங்காளி ஊடு ஒண்ணுதான். அவனுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தையே கெடையாதுங். அவன் ஊட்டுக் கரண்டுல எம் மோட்டார் ரூம்ல வெளக்கு எரியறதா? அந்த மானங்கெட்ட பொழப்புக்குக் கெணத்தையே மூடிப்போடுவேன்.”

அந்தப் பங்காளிச் சண்டை எனக்கும் தெரியும். பெட்டி வாங்க வந்த அன்றைக்கே சொல்லியிருந்தார். ஒரே கிணறு, இரண்டு மோட்டார். தண்ணீர் முறையில் வந்த தகராறு. நல்லது கெட்டது எதற்கும் போய்வருவதில்லை, வேலிக்கு இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர்.

அவர் பொய் சொல்லவில்லை. குரலிலேயே தெரிந்தது. ஆனால் லைட்டு எரிகிறதே!

“அக்கா எங்கீங்ணா? அக்காகிட்டப் போனைக் குடுங்க.”

அவர் மனைவி சாந்தாமணி அக்கா, வாசலில் கொப்பரை காயப் போட்டுக்கொண்டிருந்தவர், கட்டிலுக்குப் பக்கத்தில் வந்தார். வளையல் சத்தம் கேட்டது.

“சொல்லுங் அம்மணி.”

“ஏனுங்க்கா, அந்த சிம் பெட்டிக்கு வேற லைன் ஏதாச்சும் வந்திருக்குதுங்களா? மெயின் ஆஃப்ல லைட்டு எரியுதுங்க.”

பதில் இல்லை.

“அக்கா?”

காக்கை கத்துவது கேட்டது. நாச்சிமுத்து அண்ணன் தொண்டையைச் செருமுவது கேட்டது. அக்காவிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். போகவில்லை.

“அக்கா, எந் தம்பி அந்த வயருல கைய வெக்கப் போறானுங்க!”

போன் எதன் மேலோ விழுந்த சத்தம். அப்புறம் ஒரு கூப்பாடு. அந்த அடக்கமான அம்மாவுக்கு அப்படி ஒரு தொண்டை இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

“சரசா! ஏ சரசா! மோட்டார் ரூம் வயரு பியூசைப் புடுங்கு! புடுங்குடி சீக்கிரம்!”

“ஏய், ஆரைக் கூப்படறே நீ?” என்றார் நாச்சிமுத்து அண்ணன். “எந்தச் சரசா?”

அவருக்கு யார் பதில் சொல்வது? கூப்பாடு தூரமாகப் போய்க்கொண்டே இருந்தது. அக்கா ஓடிக்கொண்டிருக்கிறார் என்று புரிந்தது.

“அம்மணி, என்னுங் நடக்குது இங்க?” என்று என்னைக் கேட்டார். “சித்த இருங்ணா” என்று மட்டும் சொன்னேன்.

அந்தச் சமயத்தில் நான் என்னென்ன நினைத்தேன் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. மஞ்சள் மீட்டரைத் திட்டினேன். பல்பை மறந்த தம்பியைத் திட்டினேன். பீரோவைத் திட்டினேன். ஆஸ்பத்திரிக்கு யார் தூக்கிப்போவார்கள், அங்கே கார் வைத்திருப்பது யார் என்றெல்லாம் மனம் ஓடியது. முருகா முருகா என்று வாய் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

எங்கேயோ வெகு தூரத்தில் இன்னொரு பெண் குரல்: “புடுங்கிப்போட்டனுங்க்கா!”

அதைக் கேட்டும் எனக்கு நிம்மதி இல்லை. இப்போது பிடுங்கியாகிவிட்டது, சரி. அதற்கு முன்னால்? மூர்த்தி போன் வைத்து எவ்வளவு நேரம் ஆகிறது? ஒரு வயரைக் கழற்ற எவ்வளவு நேரம் வேண்டும்?

போன் கையிலேயே அதிர்ந்தது. இன்னொரு அழைப்பு. மூர்த்தி.

“அக்கா, இந்தச் சிம் பெட்டி செத்துப்போச்சாட்ட இருக்குதுங்க,” என்றான் சலிப்பாக. “திருகாணியை லூஸ் பண்ணிப்போட்டு, வயரைக் கையில உருவலாம்னு போறேன், லைட்டு பொசுக்குனு அணைஞ்சிருச்சு. வேற பெட்டி குடுத்துட வேண்டியதுதான். அப்பறம், இந்தூட்டு அக்கா என்னமோ கத்திக்கிட்டு ஓடியாருதுங்க, செருப்புகூடப் போடாம. என்னன்னு தெரியல.”

நான் அழுதேன். வாய்விட்டு அழுதேன். நடுவில் அவனைத் திட்டிய திட்டை இந்தப் பத்திரிகையில் அச்சடிக்க முடியாது.

வேலிக்கு அடியில்

நடந்தது இதுதான். பேட்டரி இல்லாத பெட்டி என்பதால் கரண்ட் வரும்போதெல்லாம் அது முதலிலிருந்து சிக்னல் தேட வேண்டும். சில நாள் கிடைக்கும், சில நாள் கிடைக்காது. கிடைக்காத நாளில் யாராவது கிணற்றடிக்குப் போய் மோட்டாரைப் போட வேண்டும். அண்ணனுக்கு முட்டி வலி. அக்காதான் டார்ச்சை எடுத்துக்கொண்டு, பாம்புக்குப் பயந்து காலைத் தட்டித் தட்டிப் போவார்.

அதைப் பங்காளி மனைவி சரசா தன் வீட்டிலிருந்து பார்த்திருக்கிறாள். ஆம்பளைகளுக்குத்தான் பேச்சு இல்லை. இவர்கள் இரண்டு பேரும் வேலி ஓரம் குழம்பு மாற்றிக்கொள்வதும், ஒருத்தி தலைவலிக்கு இன்னொருத்தி தைலம் கொடுப்பதும் எப்போதும் நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. இரண்டு ஆம்பளைகளும் வீட்டில் இல்லாத ஒரு நாளில், அசலூர் வயர்மேன் ஒருவரைக் கூட்டிவந்து, சரசா வீட்டிலிருந்து வேலிக்கு அடியில் குழாய் பதித்து, சிம் பெட்டிக்கு மட்டும் தனி லைன் கொடுத்துவிட்டார்கள். வீட்டு லைனில் எப்போதும் கரண்ட் இருக்கும். பெட்டி தூங்கவே தூங்காது. அக்காவும் இருட்டில் நடக்க வேண்டியதில்லை.

தொழில்காரியாகச் சொன்னால் அது மகா தப்பு. ஒரு பெட்டிக்குள் இரண்டு இடத்துக் கரண்ட் வருகிறது என்று மேலே ஒரு சீட்டாவது ஒட்டியிருக்க வேண்டும். ஆனால் அப்படிச் சீட்டு ஒட்டியிருந்தால் அண்ணன் படித்துவிடுவாரே!

மூர்த்தி அன்றைக்கு மத்தியானச் சோற்றுக்கு வரவில்லை. சாயங்காலம் வந்து, கை கால் கழுவிவிட்டு, என் எதிரில் உட்கார்ந்தான். மஞ்சள் மீட்டரைத் தூக்கி எறியப் போனான். நான்தான் வாங்கி வைத்தேன். அது சரியாகத்தான் சொன்னது, நாம்தான் கேட்கவில்லை, அதை எறிந்து என்ன ஆகப் போகிறது என்றேன். இப்போதும் அவன் பையில் அதுதான் இருக்கிறது. பல்பை எடுக்காமல் வண்டியைக் கிளப்பினால் மட்டும் நான் சாவியைப் பிடுங்கிக்கொள்வேன்.

சில வாரம் கழித்து சாந்தாமணி அக்கா கூப்பிட்டார். முதல் தடவையாக அவருடைய போனிலிருந்து, ஸ்பீக்கர் இல்லாமல். பேட்டரி வைத்த பெட்டி ஒன்று வேண்டும் என்றார். பேச்சோடு பேச்சாக மற்றதும் வந்தது.

“அவரு எங்கூடப் பேசறதில்லீங் அம்மணி. சோத்தைப் போட்டு வெச்சா உண்டுபோட்டுப் போயிருவாரு. சரசாளை அவிங்க அம்மா ஊட்டுக்கு அனுப்பிப்போட்டாங்க. இன்னும் கூட்டியாரலை.”

“எங்களாலதானுங்க்கா இத்தனையும்,” என்றேன்.

“அதுக்கில்லீங் அம்மணி. அது ஒரு நாளைக்குச் சரியாயிரும், ஆகாட்டியும் போச்சாது. அன்னைக்கு நீங்க போன்ல கேட்டீங்கில்ல? அவரு பக்கத்துலயே உக்காந்திருந்தாரு. நான் வாயத் தொறக்கலை. சொல்லலாமா வேண்டாமான்னு நின்னுட்டே இருந்தேன். அந்நேரத்துல அந்தப் பையனுக்கு என்னாச்சும் ஆயிருந்தா? அதை நெனச்சாத்தானுங் எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது.”

அந்த மௌனம் எனக்கும் இன்னும் காதிலேயே இருக்கிறது. அதை அவரிடம் நான் சொல்லவில்லை.

“அவன் நல்லா இருக்கறானுங்க்கா,” என்றேன்.